சால்மன் மீனின் வாழ்க்கையும் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் துணைவகுப்பு நடத்தி வருகிறேன். விலங்குகளின் வாழ்க்கைச் சுழற்சியைத் தொடும்போதெல்லாம் சால்மன் மீனைப் பற்றிய கேள்விகள் எழுகின்றன. பிள்ளைகள் கேட்டதைப் பெற்றோரும் கேட்கிறார்கள், பாசாரில் மீன் வாங்க நிற்கும்போதும் அதே ஐயங்கள் வந்து சேர்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த மீனைப் பற்றி நம்மிடையே உலவும் தியாகக் கதைகளைவிட அதன் உடலுக்குள் உண்மையில் நடப்பது வியப்பானது என்பது என் எண்ணம். ஆகவே, எது எப்படி நடக்கிறது என்பதற்கே இங்கு அதிக இடம் தந்திருக்கிறேன்.

சால்மன் கடல் மீனா, ஆற்று மீனா?

இரண்டும்தான். நன்னீர் ஆற்றில் பிறந்து, பெரும்பாலும் சில காலம் அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்குச் சென்று பெருத்து, முட்டையிடுவதற்காக மீண்டும் ஆற்றுக்கு வருகிறது. ஒரு சால்மனின் எடையில் ஏறத்தாழ முழுவதும் கடலில் சேர்ந்ததுதான்; ஆற்றைவிட்டுப் புறப்படும்போது அது ஒரு கை நீளம்கூட இருக்காது.

வடநாட்டுக் குளிர்ந்த ஆறுகளில் முட்டைக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் பெரிய மீன்கள் கூட்டமாக வளரும் அளவுக்கு இரை கிடையாது. கடலில் இரை மிகுதி, ஆனால் முட்டையைக் கூழாங்கற்களுக்கு அடியில் மறைத்துவைக்க வழியில்லை. இரண்டு இடத்து நன்மையையும் பெறுவதற்கே இந்த நெடும்பயணம். விலாங்கு மீனின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது: அது கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது.

பாசாரில் செனாங்கின் மீனைக் காட்டி இதுவும் ஒரு வகை சால்மன் என்றார்களே?

இல்லை. செனாங்கினும் குராவும் தமிழ்நாட்டில் காலா என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பக் கடலோரங்களில் வாழ்பவை. தலையை அடுத்து, மார்புத் துடுப்புக்குக் கீழே மெல்லிய நூல்கள் தொங்கினால் அது காலா வகை. சால்மனுக்கு அந்த நூல்கள் இல்லை. மாறாக, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் எலும்பில்லாத சிறிய சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். முழு மீனாகப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சால்மனில் எத்தனை வகை உண்டு? எல்லாம் ஒரே மாதிரிதான் வாழுமா?

அட்லாண்டிக் பெருங்கடல் பக்கம் அட்லாண்டிக் சால்மன் என்ற ஓர் இனம் மட்டுமே உண்டு. பசிபிக் பக்கம் சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் என்ற ஐந்து இனங்களும், ஆசியக் கரையோரம் மட்டும் வாழும் மாசு என்ற இனமும் இருக்கின்றன. சினூக்தான் மிகப் பெரியது. 50 கிலோவைத் தாண்டியவை பிடிபட்டதுண்டு. பிங்க் சால்மன் பெரும்பாலும் 2 கிலோ அளவோடு நின்றுவிடும், அதன் ஆயுளும் இரண்டே ஆண்டுகள்தான். பேரங்காடிகளில் 'சால்மன் ட்ரவுட்' என்று விற்கப்படுவது வானவில் ட்ரவுட்; அது பசிபிக் சால்மன்களுக்கு மிக நெருங்கிய உறவு.

வாழ்க்கை முறையிலும் வேறுபாடு உண்டு. பிங்க், சம் ஆகியவற்றின் குஞ்சுகள் சரளைக்கல்லைவிட்டு வெளியே வந்ததுமே கடலை நோக்கிப் புறப்பட்டுவிடும். சாக்கைக் குஞ்சுகள் பெரும்பாலும் ஓர் ஏரியில் ஓராண்டோ ஈராண்டோ கழிக்கும். அட்லாண்டிக் சால்மன், ஆறு எவ்வளவு குளிராக இருக்கிறதோ அதற்கேற்ப, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரைகூட நன்னீரிலேயே இருக்கும். ஆகவே 'சால்மன் இத்தனை ஆண்டு ஆற்றில் வாழும்' என்று ஒரே எண்ணைச் சொல்லும் பாடக்குறிப்புகளை நம்ப வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

முட்டையிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லுங்கள்.

இலையுதிர்காலத்தில் பெண் மீன் ஆற்றின் அடியில் சரளைக்கல் உள்ள இடமாகத் தேடுகிறது. பொருத்தமான இடம் கிடைத்ததும், உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, வாலால் நீரை ஓங்கி அடிக்கிறது. அந்த வேகத்தில் கற்கள் எழும்பி, நீரோட்டத்தில் சற்றுத் தள்ளி விழ, ஒரு குழி உண்டாகிறது. குழிக்குள் அது முட்டைகளை விடும் அதே கணத்தில் ஆண் மீன் பக்கத்தில் வந்து விந்தைச் சொரிகிறது. அடுத்து, பெண் மீன் சற்று மேலே நகர்ந்து இன்னொரு குழி தோண்டுகிறது; அங்கிருந்து அடித்துவரப்படும் கற்கள் முதல் குழியை மூடிவிடுகின்றன. தோண்டுவதும் மூடுவதும் ஒரே வேலையாகிவிடுவதைக் கவனியுங்கள். இனத்தையும் உடலளவையும் பொறுத்து ஒரு பெண் மீன் ஏறத்தாழ 1,500 முதல் 5,000 முட்டைகளை, சில வேளை அதற்கு மேலும், இவ்வாறு பல குழிகளில் புதைக்கிறது.

முட்டை பட்டாணி அளவில், செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். கற்களின் இடுக்கு வழியே ஓடும் குளிர்ந்த நீர்தான் அதற்கு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. மேலே சேறு படிந்து இடுக்கு அடைபட்டால் முட்டை மூச்சடைத்துச் சாகும். சில வாரங்களில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தென்படும், அவை கண்கள். நீரின் வெப்பநிலையைப் பொறுத்து, இரண்டு முதல் நான்கு மாதங்களில் குஞ்சு பொரிக்கிறது. வயிற்றில் மஞ்சள்கருப் பை தொங்க, அது மேலும் பல வாரங்கள் கற்களுக்கு அடியிலேயே இருட்டில் கிடந்து, அந்தப் பையில் உள்ளதை உண்டு தீர்க்கிறது. தீர்ந்த பிறகே மேலே வந்து பூச்சிகளையும் நீரிலுள்ள சிற்றுயிர்களையும் வேட்டையாடத் தொடங்கும்.

ஆற்றில் தங்கி வளரும் இனங்களில் குஞ்சின் பக்கவாட்டில் விரல் பதித்ததுபோன்ற கருநிறப் பட்டைகள் தோன்றும். இந்தப் பருவத்தில் அதற்குப் 'பார்' என்று பெயர். நீரடிக் கற்களின் நிழலில் அந்தப் பட்டைகள் அதை மறைத்துவிடும். கடலுக்குப் போகும் நேரம் நெருங்கும்போது பட்டைகள் மறைந்து உடல் வெள்ளிபோல் ஆகிறது; அப்போது அதற்கு 'ஸ்மோல்ட்' என்று பெயர்.

நல்ல தண்ணீரில் வளர்ந்த மீன் உப்புத் தண்ணீரில் போனால் சாகாதா?

சாதாரண நன்னீர் மீனாக இருந்தால் சாகும். மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆற்றில் இருக்கும்போது வெளியே உள்ள நீரைவிட உடலில் உப்பு அதிகம். அதனால் நீர் தானாக உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். அங்கே மீன் தண்ணீரைக் குடிப்பதே அரிது. ஏராளமாகச் சிறுநீர் கழித்து, செவுள் வழியாக உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடலில் நிலைமை தலைகீழ். நீர் உடலைவிட்டு வெளியேறும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, அதனோடு வரும் உப்பைச் செவுளின் சிறப்பு உயிரணுக்கள் வழியாக வெளியே தள்ள வேண்டும்.

ஸ்மோல்ட் பருவத்தில் நடப்பது இந்த மாற்றத்துக்கான ஆயத்தம். பகல்நேரம் நீளத் தொடங்கும் வசந்தகாலத்தில் சில இயக்குநீர்கள் சுரந்து, உப்பை வெளித்தள்ளும் உயிரணுக்கள் செவுளில் பெருகுகின்றன. கடலைத் தொடுவதற்கு முன்பே, ஆற்றில் இருக்கும்போதே இது நடந்து முடிகிறது. காலம் தவறினால் மீன் கடலில் சேர்ந்தாலும் தடுமாறும். வளர்ந்த மீன் ஆற்றுக்குத் திரும்பும்போது இதே வேலை எதிர்த்திசையில் நடக்கிறது.

கடலில் எவ்வளவு தூரம் போகும்? எத்தனை வருடம் இருக்கும்?

கோஹோவும் பிங்க்கும் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு, சாக்கை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள், சினூக் சில வேளை ஐந்து ஆண்டு வரை. பசிபிக் இனங்கள் அலாஸ்கா வளைகுடாவிலும் பேரிங் கடலிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றித் திரிகின்றன. ஐரோப்பிய, கனடிய ஆறுகளில் பிறந்த அட்லாண்டிக் சால்மன்களில் பல, கிரீன்லாந்தின் மேற்குக் கடல்வரை சென்று இரை தேடுகின்றன. ஆற்றுப் பயணமும் சிறியதன்று: யூக்கான் ஆற்றில் சில சினூக்குகள் முகத்துவாரத்திலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் எதிர்நீச்சலிட்டுக் கனடாவின் உள்பகுதியை அடைகின்றன.

அத்தனை பெரிய கடலிலிருந்து பிறந்த அதே ஆற்றுக்கு எப்படி வழி தெரியும்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விடை இரண்டு பகுதிகளாக இருக்கிறது: கடலில் ஒரு புலன், ஆற்றில் இன்னொரு புலன்.

ஆற்றில் வேலை செய்வது மோப்பம். ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண், பாறை, தாவரம் ஆகியவற்றால் உண்டான தனி வாடை இருக்கிறது. ஸ்மோல்ட் பருவத்தில் மீன் அந்த வாடையை மூளையில் பதித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1951இல் இக்கருத்தை வெளியிட்டனர். பிறகு வாஷிங்டன் மாநிலத்தில், ஓர் ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில், முட்டையிட வந்த கோஹோ மீன்களைப் பிடித்து, சிலவற்றின் மூக்குத் துளைகளை அடைத்து, கவைக்குக் கீழே மீண்டும் விட்டார்கள். மூக்கு திறந்திருந்த மீன்கள் பெரும்பாலும் தாம் முன்பு தேர்ந்த கிளைக்கே போயின. மூக்கு அடைபட்டவை இரண்டு கிளைகளிலும் சிதறிப்போயின. 1970களில் ஹாஸ்லர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். வளர்ப்பிடத்திலேயே கோஹோ குஞ்சுகளுக்கு மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளின் வாடையைப் பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து அதே பொருளை ஓர் ஓடையில் கலந்தபோது, அதற்கு முன் அந்த ஓடையையே பார்த்திராத மீன்கள் அங்கே வந்து சேர்ந்தன.

நடுக்கடலில் ஓடையின் வாடை எட்டாது. அங்கே புவியின் காந்தப்புலம் துணைசெய்கிறது. கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சாக்கைகள் வான்கூவர் தீவை வடக்காகவோ தெற்காகவோ சுற்றித்தான் வர வேண்டும். 56 ஆண்டு மீன்பிடிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, எந்த ஆண்டில் எந்த வாயிலின் காந்தச் செறிவு, மீன்கள் கடலுக்குப் புறப்பட்டபோது ஆற்று முகத்துவாரத்தில் இருந்த செறிவுக்கு நெருக்கமாக இருந்ததோ, அந்த வாயிலை அதிகமான மீன்கள் தேர்ந்தெடுத்ததைக் காட்டியது. கடல்நீரின் வெப்பநிலைக்கும் அதில் பங்கு இருந்தது. ஆக, காந்தம் கரைவரை கொண்டுவந்து விடுகிறது, மூக்கு வீடுவரை அழைத்துப்போகிறது.

ஒன்றுகூட வழி தவறாதா?

தவறும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு பங்கு மீன்கள் வேறு ஆறுகளுக்குள் நுழைகின்றன. இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை; ஏனென்றால் புதிய ஆறுகளில் சால்மன் குடியேறுவது இவற்றால்தான். அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பனிப்பாறை பின்வாங்கப் பின்வாங்கப் புதிய ஓடைகள் பிறந்தன; அவற்றில் இன்று சால்மன் முட்டையிடுகிறது. எல்லா மீன்களும் பிசகாமல் பிறந்த இடத்துக்கே போயிருந்தால் அந்த ஓடைகள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஒன்றுமே சாப்பிடாதாமே? அப்போது ஏன் சிவப்பாகிறது?

ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை; குடல் சுருங்கிவிடுகிறது. கடலில் சேர்த்த கொழுப்பையும் பிறகு தன் தசையையும் எரித்துத்தான் நீந்துகிறது, அதே சேமிப்பிலிருந்துதான் முட்டையும் விந்தும் உருவாகின்றன. அதனால்தான் நெடுந்தூரம் ஏறும் யூக்கான் மீன்களுக்குக் கடலிலிருந்து வரும்போது கொழுப்பு அதிகம்.

சிவப்புக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. கடலில் இறால் வகைச் சிற்றுயிர்களை உண்டு சதையில் சேர்த்துவைத்த அந்த நிறமி, முட்டையிடும் காலத்தில் தோலுக்கும் முட்டைக்கும் இடம் மாறுகிறது. சாக்கையின் உடல் செக்கச் சிவக்க, தலை பச்சையாகிறது. உள்ளே சதையோ வெளிறிப்போகிறது. ஆண் மீன்களின் தாடை கொக்கிபோல் வளைந்து பற்கள் நீள்கின்றன. பிங்க் ஆணுக்கு முதுகில் பெரிய திமில் எழும்புகிறது.

முட்டையிட்ட உடனே ஏன் செத்துப்போகிறது?

முதலில் ஒரு திருத்தம்: எல்லாச் சால்மனும் சாவதில்லை. அட்லாண்டிக் சால்மனில் ஒரு சிறு பங்கு உயிர்பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுபடியும் வந்து முட்டையிடும். வட அமெரிக்காவின் ஐந்து பசிபிக் இனங்களில்தான் இறப்பு ஏறக்குறைய உறுதி.

களைப்பு மட்டும் காரணமன்று. இனப்பெருக்கக் காலத்தில் கார்டிசோல் என்ற இயக்குநீர் அளவுக்கு மீறிச் சுரந்து, நோயெதிர்ப்பு குலைந்து, தோலில் பூஞ்சை படர்ந்து, உள்ளுறுப்புகள் சிதைகின்றன. இதை மிகத் தெளிவாகக் காட்டியது 1961இல் வெளியான ஒரு சோதனை. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கையான கொக்கனி மீன்களின் இனப்பெருக்க உறுப்புகளை, அவை வளர்வதற்கு முன்பே, அகற்றினார்கள். பெரும்பாலும் நான்கு வயதுக்குள் முட்டையிட்டுச் சாகும் அந்த மீன்களில் சில எட்டு ஆண்டு வரை உயிர்வாழ்ந்தன. அதாவது, சாவு இனப்பெருக்கத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. திரும்பிப் போய் இன்னொரு முறை வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும் நெடும்பயணத்தில், உள்ளதனைத்தையும் ஒரே முறையில் செலவழித்த மீன்களுக்கே அதிக வாரிசுகள் மிஞ்சின. தலைமுறை தலைமுறையாக அதுவே நிலைபெற்றுவிட்டது.

தாய் சால்மன் தன் சதையையே குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டு உயிரை விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? அன்னையர் தினத்தில் மேடையிலும் பேசினார்களே?

அப்படி நடப்பதில்லை. முட்டையிட்ட பசிபிக் சால்மன் பெண் சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ இறந்துவிடுகிறது. குஞ்சு பொரிப்பது அதற்குச் சில மாதங்கள் கழித்து. பொரித்த பிறகும் அது கற்களுக்கு அடியில் மஞ்சள்கருவை உண்டு வாழ்கிறது என்பதை மேலே பார்த்தோம். தாயும் குஞ்சும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. தந்தை மீனும் அதே பயணத்தைச் செய்து அதே இடத்தில்தான் சாகிறது. மேடைப்பேச்சுகளில் அது வருவதில்லை.

ஆனால் உண்மையில் நடப்பது அந்தக் கதையைவிட விரிவானது. இறந்த உடல்கள் ஆற்றில் அழுகும்போது, கடலில் சேர்த்த நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் கலந்து பாசிக்கும் பூச்சிகளுக்கும் உரமாகின்றன. அடுத்த வசந்தத்தில் வெளிவரும் குஞ்சுகள் உண்பது அந்தப் பூச்சிகளைத்தான். ஏற்கெனவே ஆற்றில் வளர்ந்துகொண்டிருக்கும் ஓராண்டுக் கோஹோக்கள் இறந்த மீன்களின் சதைத் துணுக்குகளையும் சிதறிய முட்டைகளையும் நேரடியாகவே உண்கின்றன. கரடிகள் சால்மனைக் காட்டுக்குள் தூக்கிச் சென்று, பிடித்த பகுதியைத் தின்று மீதியைப் போட்டுவிடுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆற்றோர மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜனின் அடையாளத்தை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கொடுப்பதாக இதைச் சுருக்கிவிட்டால் காடும் ஆறும் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகின்றன. பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்லலாம். அவர்களுக்கு அது நன்றாகவே புரிகிறது.

ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறதே, பிறகு எப்படி எண்ணிக்கை குறையும்?

ஒரு பெண் மீன் 3,500 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து சராசரியாக இரண்டு மீன்கள் திரும்பி வந்து முட்டையிட்டாலே இனம் குறையாமல் நிற்கும். சராசரி ஒன்றாகிவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை பாதியாகும். இரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் உள்ள வேறுபாடு, வெள்ளத்தில் சேறு படிவதாலோ கோடையில் நீர் இரண்டு பாகை சூடேறுவதாலோ வந்துவிடும்.

2015 கோடையில் கொலம்பியா ஆறு வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியதால் ஏறத்தாழ 2,50,000 சாக்கைகள் முட்டையிடும் இடத்தை அடையாமலே மடிந்தன. யூக்கான் ஆற்றில் சினூக் மிகவும் குறைந்துபோனதால் 2024இல் அலாஸ்காவும் கனடாவும் அதைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க உடன்பட்டன. அதே அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022இல் 70 மில்லியனுக்கும் மேற்பட்ட சாக்கைகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நிலைமை இல்லை.

நம்மைப் போன்ற நகரவாசிகள் கவனிக்க வேண்டிய ஒரு காரணம் உண்டு. சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளில், மழை பெய்த சில மணி நேரத்தில் கோஹோக்கள் முட்டையிடாமலே செத்து மிதந்தன. பல ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை. வாகன டயர்களில் சேர்க்கப்படும் ஒரு பாதுகாப்புப் பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் நச்சுதான் அது என்று 2020இல் கண்டறியப்பட்டது. சாலையில் தேயும் டயர்த் தூள் மழைநீரோடு ஓடைக்குப் போகிறது.

அணைக்கட்டில் மீன் ஏணி வைத்தால் போதாதா?

சில இடங்களில் உதவுகிறது. ஃபிரேசர் ஆற்றின் ஹெல்ஸ் கேட் என்ற குறுகிய பள்ளத்தாக்கில், இரயில்பாதை வேலையால் 1914இல் பாறை சரிந்து சாக்கைகளின் வழி அடைபட்டது. 1940களின் நடுவில் மீன்வழி கட்டிய பிறகே நிலைமை தேறியது. ஆனால் ஏணி, மேலே ஏறும் பெரிய மீனுக்குத்தான். கீழே இறங்கும் ஸ்மோல்ட்டுக்கு அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் ஓட்டமே இல்லை. பயணம் நீள்கிறது, நீர் சூடேறுகிறது, மின்சுழலிகளில் அடிபடுகிறது. உடல் கடலுக்கு ஆயத்தமாகும் காலம் குறுகியது என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி போன்ற அணைகளில் ஏணியே கட்டப்படவில்லை. அதற்கு மேலுள்ள ஆறு முழுவதும் சால்மனுக்கு மூடப்பட்டுவிட்டது.

அணையை அகற்றினால் மீன் திரும்புகிறது என்பது இப்போது கண்கூடு. வாஷிங்டனின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகள் 2011க்கும் 2014க்கும் இடையில் இடிக்கப்பட்டன. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024இல் முடிந்தது. நூறாண்டுக்கும் மேலாக அடைபட்டிருந்த பகுதிகளில் சில வாரங்களிலேயே சினூக் காணப்பட்டது.

பேரங்காடியில் நான் வாங்கும் சால்மன் இப்படி ஆற்றில் ஏறி வந்ததா?

பெரும்பாலும் இல்லை. மலேசியாவில் பச்சையாகக் குளிரூட்டி விற்கப்படும் சால்மனில் பெரும்பகுதி நார்வே, சிலி போன்ற நாடுகளில் வளர்க்கப்பட்ட அட்லாண்டிக் சால்மன். தொட்டியில் முட்டை பொரித்து, ஓராண்டு அளவு நன்னீரில் வளர்த்து, ஸ்மோல்ட் ஆனதும் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் விட்டு, மேலும் ஓராண்டு முதல் ஈராண்டில் 4 அல்லது 5 கிலோ ஆனதும் அறுவடை செய்கிறார்கள். இனப்பெருக்கப் பருவம் வருவதற்கு முன்பே அது சந்தைக்கு வந்துவிடுகிறது. வாழ்க்கைச் சுழற்சியின் முதற்பாதியை மட்டும் வாழ்ந்த மீன் அது. சிலி தென்கோளத்தில் இருப்பதால் அங்கே இயற்கையில் சால்மனே கிடையாது; எல்லாம் மனிதர் கொண்டுசென்றவை.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். தோலோடு வாங்கிய துண்டிலிருந்து ஒரு செதிலைப் பெயர்த்து, கழுவி உலர்த்தி, உருப்பெருக்கியில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மெல்லிய வளையங்கள் தெரியும். காட்டுச் சால்மனில் கோடையில் உண்டான வளையங்கள் அகன்றும், பனிக்காலத்தவை நெருங்கியும் இருக்கும். அவற்றைக் கொண்டே வயதைக் கணக்கிடுகிறார்கள். தீனி தடையின்றிக் கிடைத்த வளர்ப்பு மீனில் அந்த இடைவெளிகள் ஏறக்குறைய சீராக இருக்கும். கூண்டிலிருந்து தப்பி ஆற்றுக்குள் வந்த மீன்களை நார்வேயில் இவ்வாறு செதிலை வைத்தே இனங்காண்கிறார்கள்.

வளர்ப்பு சால்மனுக்குச் சாயம் ஊற்றுகிறார்களாமே?

சதையில் சாயம் பூசுவதோ ஊசி போடுவதோ இல்லை. மேலே குறிப்பிட்ட அஸ்டாசாந்தின் தீனியில் கலக்கப்படுகிறது. காட்டு மீன் அதை இறால் வகை உயிர்களிலிருந்து பெறுகிறது. வளர்ப்பு மீனுக்கு ஆலையில் தயாரித்தோ பாசி, ஈஸ்ட் ஆகியவற்றிலிருந்து எடுத்தோ கொடுக்கிறார்கள்.

பச்சையாகச் சாப்பிடலாமா?

இந்தக் கேள்விக்கும் வாழ்க்கைச் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு. அனிசாகிஸ் என்ற புழுவின் இளநிலை, கடலில் உள்ள சிற்றுயிர்களை உண்ணும் மீன்களுக்குள் போய்ச் சேர்கிறது. கடலில் வேட்டையாடி வளர்ந்த காட்டுச் சால்மனில் அது இருப்பது சாதாரணம். உலர்தீனி மட்டுமே உண்ட வளர்ப்பு மீனில் மிக அரிது. காட்டு மீனைப் பச்சையாகப் பரிமாறுவதாக இருந்தால், ஐரோப்பிய விதிப்படி -20 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே 24 மணி நேரமும், அமெரிக்க வழிகாட்டுதலின்படி ஏழு நாளும் உறையவைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டிகள் பல அந்த அளவை எட்டுவதில்லை. சால்மன் தலையை வாங்கிக் குழம்பு வைப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். நன்றாக வெந்தால் புழு சாகும்.

கேமரன் மலையில் குளிராகத்தானே இருக்கிறது, அங்கே ஓடையில் விட்டு வளர்க்கக்கூடாதா?

ஓடை குளிர்ந்திருந்தாலும் அது இறங்கிச் சேரும் கடல் குளிராக இல்லை. மலாக்கா நீரிணையின் நீர் ஆண்டு முழுவதும் 28 பாகை செல்சியஸ் அளவில் அல்லது அதற்கு மேல் இருக்கிறது. சால்மனால் 25 பாகையைத் தொடர்ந்து தாங்கவே முடியாது. நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ட்ரவுட் அவலாஞ்சிப் பகுதியில் நிலைத்தது என்றால், ட்ரவுட்டுக்குக் கடல் கட்டாயமில்லை என்பதால்தான். அதோடு, வெளிநாட்டு மீனை நம் ஓடைகளில் விடுவது அங்கே ஏற்கெனவே வாழும் மீன்களுக்குக் கேடு. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் மலேசியாவில் இதுபோல இடம்பெயரும் மீனே இல்லையா?

இருக்கிறது. சரவாக்கின் தெருபோக் மீன், தமிழ்நாட்டில் உள்ளம் என்றும் வங்காளத்தில் ஹில்சா என்றும் சொல்லப்படும் மீனின் நெருங்கிய உறவு. அது கடலோரத்தில் வாழ்ந்து, பத்தாங் லுப்பார் போன்ற ஆறுகளின் கழிமுகங்களுக்கு வந்து இனம்பெருக்குகிறது. அது ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே முட்டை நிறைந்த பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் பெண் மீன்கள் முழுவதும் தீர்ந்துபோகும் ஆபத்து உண்டு. தீபகற்பத்தின் ஆறுகளில் கெலா மீன் கடலுக்குப் போகாமலே மேலும் கீழுமாக இடம்பெயர்கிறது. சால்மனைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளை நான் கட்டாயம் இந்த இரண்டு மீன்களிடமும் அழைத்து வருவேன்.

கடலுக்கே போகாத சால்மனும் உண்டு என்கிறீர்கள். அது எப்படி முட்டையிடும் பெரிய மீனோடு சேரும்?

கொக்கனி தன் இனத்தோடேயே ஏரியில் சேர்ந்துவிடுகிறது. அட்லாண்டிக் சால்மனில் நடப்பது இன்னும் விந்தையானது. சில ஆண் பார்கள் ஆற்றிலேயே, விரல் நீளம் இருக்கும்போதே, பருவமடைந்துவிடுகின்றன. கடலிலிருந்து வந்த பெரிய ஆண்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தச் சிறிய ஆண் கற்களுக்கு இடையில் பதுங்கியிருந்து, பெண் முட்டைவிடும் கணத்தில் குழிக்குள் பாய்ந்து முட்டைகளில் ஒரு பங்கைக் கருவுறச் செய்துவிடும். கடலின் ஆபத்தைத் தவிர்த்ததால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். உடல் சிறியதால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பங்கு குறைவு. இரண்டு வழிகளும் ஒரே ஆற்றில் அருகருகே நிலைத்திருக்கின்றன. கோஹோவிலும் சினூக்கிலும் சில ஆண்கள் கடலில் ஓராண்டோ அதற்கும் குறைவாகவோ மட்டும் இருந்து சிறிய உருவிலேயே திரும்பி வருவதும் இதே போன்றதுதான்.

பிங்க் சால்மன் ஒற்றைப்படை ஆண்டில் மட்டும் வருகிறது என்று படித்தேன். மீனுக்கு ஆண்டுக்கணக்கு தெரியுமா?

தெரியாது, ஆயுள் சரியாக இரண்டு ஆண்டு என்பதால் அப்படி அமைந்துவிடுகிறது. 2021இல் இட்ட முட்டையின் மீன் 2023இல் திரும்பும், 2022இல் இட்டதன் மீன் 2024இல் திரும்பும். ஒரே ஆற்றில் வாழ்ந்தாலும் இந்த இரண்டு வரிசைகளும் இனம்பெருக்க ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை, மரபணுவிலும் பிரிந்துவிட்டன. ஓர் ஆற்றில் ஒரு வரிசை அழிந்தால் மற்றது அதை நிரப்பாது. சாக்கையிலும் இதன் சாயல் உண்டு: கனடாவின் ஆடம்ஸ் ஆற்றில் 2010, 2014, 2018, 2022 என நான்காண்டுக்கு ஒருமுறைதான் பெருங்கூட்டம் வருகிறது. வான்கூவர் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அதற்கேற்ப அக்டோபர் மாதத்தில் பயணத்தைத் திட்டமிடலாம்.

பசிபிக்கைச் சேர்ந்த இந்தப் பிங்க் சால்மனைச் சோவியத் நாட்டார் 1950களின் நடுவிலிருந்து வடமேற்கு ரஷ்யாவின் கோலா தீபகற்பப் பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். பிற்காலத்தில் கொண்டுவந்த ஒற்றைப்படை ஆண்டு வரிசை அங்கே வேரூன்றி, 2017 முதல் 2019, 2021, 2023 என ஒவ்வொரு முறையும் நார்வேயின் ஆறுகளில் பெருகி வந்தது. அங்கே உள்நாட்டு அட்லாண்டிக் சால்மனைக் காப்பதற்காக, வடக்கு ஆறுகளில் குறுக்கே பொறிகள் வைத்து, அட்லாண்டிக் மீனை மேலே விட்டு, பிங்க் மீனை வெளியே எடுக்கிறார்கள்; இரட்டைப்படை ஆண்டுகளில் அந்த ஆறுகளில் பிங்க் மிகக் குறைவாகவே காணப்படுகிறது.